பீட்டா போட்டு நொந்தவங்களுக்கு – கம்ப்யூட்டர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள பிரிச்சு படிச்சா நிறைய பேர் ஒரே விஷயத்தத்தான் சுத்தி சுத்தி எழுதியிருக்கீங்க, புதுசா வர்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தோட டெஸ்ட் வெர்ஷன, அதான் பீட்டாவ, போட்டு பாத்தோம், மனசே விட்டுப் போச்சுன்னு. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். எந்த கம்பெனியோட வெர்ஷன்னு கடிதத்துல இருந்தாலும் உங்க சொந்த அனுபவத்துல வர்ற பேர நான் எடுத்துட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: காலேஜ் கடைசி வருஷம் படிக்கிறேன் சார். புது வெர்ஷன் யூடியூப்ல பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சு டவுன்லோட் பண்ணி என் லேப்டாப்லயே போட்டுட்டேன். இப்ப வைஃபை அடிக்கடி கட்டாகுது, ஃபேன் நிக்கவே மாட்டேங்குது, பேட்டரி ரெண்டு மணி நேரம் கூட தாங்கல. ரொம்ப ஏமாற்றமா இருக்கு. ஃபைனல் வெர்ஷனும் இப்படித்தான் வருமா? – வாசகர், திருச்சி

தம்பி, மொதல்ல உன் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ட ஒரு பென்டிரைவ்ல காப்பி பண்ணி வெச்சுட்டு வா, மிச்சத்த அப்புறம் படிக்கலாம். சும்மா பயமுறுத்தறதுக்கு சொல்லல. 2009 ஜனவரில வந்த விண்டோஸ் 7 பீட்டாவ ஊரே பாராட்டுச்சு, டவுன்லோடுக்கு அலை மோதி சர்வர் தாங்காம மொதல்ல 25 லட்சம்னு வெச்சிருந்த எண்ணிக்கை வரம்பையே எடுத்துட்டாங்க, அப்பேர்ப்பட்ட நல்ல பீட்டாவுலயே எம்பி3 பாட்டு ஃபைல்களோட ஆரம்பத்துல சில நொடி வெட்டுப்பட்டு போற கோளாறு ஒண்ணு இருந்துச்சு. பீட்டா வந்த கையோட அதுக்கு தனியா ஒரு பேட்ச் விட்டாங்க, அத போடாதவன் சேத்து வெச்ச பாட்டுக்கெல்லாம் தலை போயிருக்கும். நல்ல பீட்டாவுக்கே இந்த கதின்னா மத்தத யோசிச்சுக்கோ.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். சாரம் பிரிக்காத வீட்டுக்குள்ள குடி போயிருக்க, அவ்ளோதான் விஷயம். எங்க தப்பு நடக்குதுன்னு கண்டுபிடிக்கறதுக்காக டெஸ்ட் வெர்ஷன் தான் பண்ற ஒவ்வொண்ணையும் பின்னாடி குறிச்சு வெச்சுட்டே இருக்கும், அது ப்ராசசரையும் டிஸ்க்கையும் தின்னும். அது போக புதுசா போட்ட மொத ரெண்டு நாள் உன் ஃபைல் எல்லாத்தையும் தேடலுக்காக அட்டவணை போட்டுட்டு இருக்கும், ஃபேன் ஓடறதுல பாதி அதாலயே இருக்கலாம். வைஃபை சிப்ப சிஸ்டத்தோட பேச வைக்கற டிரைவர்ங்கற புரோகிராம சிப் செஞ்ச கம்பெனிதான் எழுதி தரணும், அடியில இருக்கற ஆபரேட்டிங் சிஸ்டம் நெலையா நின்னப்புறம்தான் அவங்க முழுசா உக்காந்து வேல செய்வாங்க, அது வரைக்கும் பழைய டிரைவர வெச்சு ஒப்பேத்தறதுதான். வேகத்த கூட்டற வேலையும் பெரும்பாலும் கடைசிலதான் நடக்கும், ஏன்னா நாளைக்கு மாத்தப் போற புரோகிராமுக்கு இன்னிக்கு பாலிஷ் போட்டு பிரயோஜனம் இல்ல.

அதனால வேகம், பேட்டரி, கட்டாகறது, இத வெச்சு ஃபைனல எடை போடாத. ஆனா இன்னொரு வகை இருக்கு, அத கண்டிப்பா எடை போடணும். ஒரு பட்டன எடுத்துட்டாங்க, ஒரு மெனுவ வேற எடத்துக்கு நகர்த்திட்டாங்க, ஒரு வேலைக்கு முன்னாடி ரெண்டு க்ளிக் இருந்தது இப்ப அஞ்சு ஆச்சு, இதெல்லாம் கோளாறு இல்ல, யாரோ ஒருத்தர் உக்காந்து எடுத்த முடிவு. கோளாறு நீ சொல்லலைன்னாலும் வேற யாராவது சொல்லி சரியாக வாய்ப்பிருக்கு. முடிவு தானா சரியாகாது, நாம வாய திறந்தாதான் உண்டு, அதுவும் டெஸ்ட் வெர்ஷன் காலத்துலயே திறக்கணும். இந்த வித்தியாசம் தெரியாமத்தான் நிறைய பேர் பேட்டரிய பத்தி பத்து பக்கம் திட்டி எழுதிட்டு, எழுத வேண்டியத எழுதாம விட்டுடறாங்க.

கேள்வி: அரைகுறையா இருக்கறத எதுக்கு பொதுமக்கள் கைல குடுக்கணும்? காசு வாங்கிட்டே டெஸ்ட் வெர்ஷன் வித்திருக்காங்கன்னு கேள்விப்பட்டேன், நெசமா? – வாசகர், கோயம்புத்தூர்

நெசம்தாங்க. ஆப்பிள் பண்ணாங்க. 2000 செப்டம்பர் 13ம் தேதி பாரிஸ்ல நடந்த ஆப்பிள் எக்ஸ்போவுல ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி மேக் கம்ப்யூட்டருக்கான புது ஆபரேட்டிங் சிஸ்டம் மேக் ஓஎஸ் எக்ஸோட பப்ளிக் பீட்டாவ வெளியிட்டார், விலை 29.95 டாலர், சிடில வந்துச்சு. காசு குடுத்து வாங்கினதுக்கும் ஆயுசு கெடு இருந்துச்சு, 2001 மே 15ம் தேதியோட அது காலாவதி.

அத வாங்கி போட்டவங்க பட்ட ஏமாற்றம் கொஞ்ச நஞ்சம் இல்ல. டிவிடி படம் பாக்க முடியாது, சிடி எழுத முடியாது, ஜன்னல இழுத்தா ஆடி அசைஞ்சு வரும். ஆனா அவங்களுக்கு அதிகமா வலிச்சது இதெல்லாம் இல்லைங்க. 1984ல மொத மேக் வந்ததுலேர்ந்து திரையோட இடது மேல் மூலைல ஒரு ஆப்பிள் படம் இருக்கும், அத அமுக்கினா மெனு விரியும், பதினாறு வருஷமா கை தானா அங்கதான் போகும். பீட்டாவுல அந்த ஆப்பிள தூக்கி மெனு வரிசைக்கு நடுவுல கொண்டு போய் வெச்சுட்டாங்க, அமுக்கினா ஒண்ணுமே ஆகாது, வெறும் அலங்காரம். நான் மேல சொன்னேனே, கோளாறு வேற முடிவு வேறன்னு, இது அச்சு அசல் முடிவு.

மக்கள் எழுதித் தள்ளினாங்க. 75,000க்கும் மேல கருத்து வந்துச்சுன்னு ஆப்பிளே சொல்லுச்சு. நாலு மாசம் கழிச்சு 2001 ஜனவரில சான் பிரான்சிஸ்கோ மேக்வேர்ல்டு கண்காட்சி மேடைல அதே ஜாப்ஸ், ஆப்பிள் படத்த இடது மூலைக்கே திருப்பி கொண்டு வந்து, அமுக்கினா மெனு விரியற மாதிரி காட்டினார். 2001 மார்ச் 24ல 129 டாலருக்கு ஃபைனல் வெர்ஷன் 10.0 வந்தப்போ பீட்டா வாங்கினவங்களுக்கு 30 டாலர் கழிச்சும் குடுத்தாங்க. அந்த 10.0வும் மெதுவாத்தான் இருந்துச்சு, டிவிடி அப்பவும் ஓடல, செப்டம்பர்ல 10.1 வந்து அத இலவசமா குடுத்தப்புறம்தான் ஜனங்க மூச்சு விட்டாங்க. ஆனா மெனு மார்ச்லயே வந்துடுச்சு பாருங்க, வேகம் வர செப்டம்பர் ஆச்சு. இன்னிக்கும் எந்த மேக் கம்ப்யூட்டர திறந்தாலும் இடது மூலைல அந்த ஆப்பிள் இருக்கு, ஏமாந்து போன பீட்டாக்காரங்க எழுதி வாங்கினது அது. எனக்கு அத பாக்கறப்பல்லாம் ஒரு சந்தோஷம்.

எதுக்கு பொதுமக்கள் கைல குடுக்கணும்னு கேட்டீங்கல்ல, கம்பெனி லேப்ல எத்தன பிரிண்டர், எத்தன வைஃபை சிப், எத்தன மொழி கீபோர்டு வெச்சு பாக்க முடியும் சொல்லுங்க. உங்க வீட்டு மேஜைல இருக்கற அந்த ஒரு கூட்டணி உலகத்துல வேற எங்கயும் இல்லாம கூட இருக்கலாம்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். விண்டோஸ் 8ல ஸ்டார்ட் மெனு போகப் போகுதுங்கறது டெஸ்ட் வெர்ஷன்லயே எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே, அப்பவே அவ்வளவு எதிர்ப்பு வந்துச்சே, ஏன் கேக்கல? – வாசகர், நாகர்கோவில்

ஐயா, இந்த கேள்வி என் மனசுல பல வருஷமா இருக்கு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

2011 செப்டம்பர்ல அமெரிக்காவுல அனஹைம்ங்கற ஊர்ல மைக்ரோசாஃப்டோட பில்டு மாநாட்டுல, புரோகிராம் எழுதறவங்களுக்கான டெஸ்ட் வெர்ஷனா விண்டோஸ் 8 டெவலப்பர் ப்ரிவியூ வந்துச்சு. அதுலயே ஸ்டார்ட் பட்டன அமுக்கினா மெனு வராது, கலர் கலரா கட்டங்கள் போட்ட முழுத்திரை வரும். ஆனா விண்டோஸோட உள் அமைப்பெல்லாம் இருக்கற ரெஜிஸ்ட்ரில ஒரு மதிப்ப மாத்தினா பழைய மெனு திரும்பி வந்துடும், அது ஒரு ஆறுதலா இருந்துச்சு, சரி, கடைசில ரெண்டையும் வெச்சு விருப்பப்பட்டத எடுத்துக்கோன்னு விடுவாங்கன்னு நிறைய பேர் நம்பினாங்க. 2012 பிப்ரவரி 29ல பார்சிலோனாவுல பொதுமக்களுக்கான டெஸ்ட் வெர்ஷனா கன்ஸ்யூமர் ப்ரிவியூ வந்துச்சு, மொத நாளே பத்து லட்சம் டவுன்லோட். போட்டு பாத்தா அந்த ரெஜிஸ்ட்ரி வழியையும் அடைச்சிருந்தாங்க, இடது கீழ் மூலைல இருந்த பட்டனும் இல்ல. கம்ப்யூட்டர ஆஃப் பண்ணவே மவுச திரையோட வலது மூலைக்கு கொண்டு போய், அங்கேர்ந்து வழுக்கிட்டு வர்ற பட்டைல செட்டிங்ஸ் போய், பவர் போய், அப்புறம் ஷட்டவுன். மூலைல ஒண்ணு ஒளிஞ்சிருக்குன்னு யாராவது சொல்லித் தந்தாத்தான் தெரியும். மைதானத்துக்கு போற வாசல மூடிட்டு, சுவத்துல எந்த செங்கல தள்ளினா தொறக்கும்னு பசங்களையே கண்டுபிடிக்க சொல்ற மாதிரி, நீங்க ஆசிரியரா இருந்தவர், உங்களுக்கு இது புரியும்.

ஏன் கேக்கலன்னா, அவங்க கைல ஒரு கணக்கு இருந்துச்சு. ஜனங்க விண்டோஸ் 7லயே ஸ்டார்ட் மெனுவ முன்ன மாதிரி திறக்கறதில்ல, வேண்டிய புரோகிராம டாஸ்க்பார்லயே குத்தி வெச்சுக்கறாங்கன்னு புள்ளிவிவரம் காட்டினாங்க. புள்ளிவிவரம் பொய்யின்னு நான் சொல்லல. ஒரு நாளைக்கு எத்தன தடவ திறந்தேங்கறது அதுல வரும், வழி தெரியாம நிக்கும்போது நம்பி போற எடம் அதுதாங்கறது அதுல வராது. வீட்டு பின்வாசல நாளைக்கு ரெண்டு தடவதான் திறக்கறோம்னு யாரும் அடைக்கறதில்ல. தொடுதிரை டேப்லெட்டுக்கும் மேஜை கம்ப்யூட்டருக்கும் ஒரே மொகம்னு அவங்க முன்னாடியே முடிவு கட்டிட்டாங்க, ஐபேட் வந்து ஓடிட்டு இருந்த நேரம், பின்வாங்க மனசில்ல. மே 31ல ரிலீஸ் ப்ரிவியூ, ஆகஸ்ட் 1ல வேல முடிஞ்சுது, அக்டோபர் 26ல கடைக்கு வந்துச்சு, பிப்ரவரில எழுதின புகார் அப்படியே அக்டோபர்லயும் இருந்துச்சு.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2013 அக்டோபர்ல 8.1ல பட்டன் மட்டும் திரும்பி வந்துச்சு, அமுக்கினா பழைய மெனு இல்ல, அதே கட்டம் போட்ட திரைதான். நெசமான மெனு வந்தது விண்டோஸ் 10ல, 2015 ஜூலை 29. கன்ஸ்யூமர் ப்ரிவியூல இருந்து எண்ணினா மூணு வருஷம் அஞ்சு மாசம். இந்த மூணு வருஷமும் எத்தன அலுவலகத்துல, எத்தன ப்ரௌசிங் சென்டர்ல, எத்தன வயசானவங்க முன்னாடி அந்த திரை வந்து நின்னு கை நடுங்க வெச்சிருக்கும், டெஸ்ட் வெர்ஷன் போட்டவங்க சொன்னத ஒரு நாள் உக்காந்து கேட்டிருந்தா போதுமே. எனக்கு இதுல இன்னும் கோவம் இருக்கு ஐயா.

ஒரு நல்லதும் நடந்துச்சு. விண்டோஸ் 10க்கு வேல ஆரம்பிச்ச உடனே 2014 அக்டோபர்ல இன்சைடர் திட்டம்னு வெச்சு வேல நடக்கும்போதே ஜனங்க கைல குடுத்தாங்க, மொத வெர்ஷன்லயே ஸ்டார்ட் மெனுவ வெச்சு.

கேள்வி: லாங்ஹார்ன்னு ஒண்ணு இருந்துச்சாமே, அது என்ன? – வாசகர், விருதுநகர்

விண்டோஸ் விஸ்டாவோட கர்ப்ப காலத்து பேரு. இங்க ஏமாற்றம் தலைகீழா வந்துச்சு. 2003 அக்டோபர்ல லாஸ் ஏஞ்சலஸ்ல காட்டினப்போ பிரமாதமா இருந்துச்சு, ஃபைல்கள ஃபோல்டர்ல தேடாம ஒரு டேட்டாபேஸ் மாதிரி தேடலாம், வின்எஃப்எஸ்னு பேரு, ஜனங்க வாய பொளந்தாங்க. 2004 ஆகஸ்ட்ல அத தள்ளி வெச்சுட்டாங்க, அடிப்படை புரோகிராமையே விண்டோஸ் சர்வர் 2003ங்கற வெர்ஷன்ல இருந்து திரும்ப ஆரம்பிச்சாங்க. 2005 ஏப்ரல்ல அடுத்த வெர்ஷன குடுத்தப்போ பாத்தவங்களுக்கு 2003ல பாத்தத விட கம்மியா இருந்துச்சு. வின்எஃப்எஸ் கடைசி வரைக்கும் வரல. இதுக்கு முந்தின விண்டோஸ் எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபர்ல, விஸ்டா கடைக்கு வர 2007 ஜனவரி 30 ஆச்சு. டெஸ்ட் வெர்ஷன்ல ஒரு வசதி இருக்குங்கறதுக்காக அத நம்பி பொருள் வாங்கக்கூடாதுன்னு நான் சொல்றதுக்கு இதான் காரணம்.

கேள்வி: மூணு மாசமா ஒரு டெஸ்ட் வெர்ஷன் யூஸ் பண்றேன், ஏழெட்டு ரிப்போர்ட் அனுப்பிட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல. எதுக்கு எழுதணும்னு வெறுப்பா இருக்கு. – வாசகி, சென்னை

உங்க வெறுப்பு நியாயமானதும்மா, அத இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு கேளுங்க. 2018 அக்டோபர் 2ல விண்டோஸ் 10க்கு ஒரு பெரிய அப்டேட் வந்துச்சு, 1809னு பேரு. போட்ட சிலருக்கு டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்ல இருந்ததெல்லாம் காணாம போச்சு. இந்த ஃபோல்டர்கள வேற டிரைவுக்கு மாத்தி வெச்சுட்டு பழைய எடத்துலயும் ஃபைல் வெச்சிருந்தவங்களுக்கு, அந்த பழைய எடம் காலின்னு நெனச்சு அழிச்சுடுச்சு. சில நாள்லயே அப்டேட்ட நிறுத்தி, திரும்ப விட நவம்பர் 13 ஆச்சு.

வயித்தெரிச்சல் என்னன்னா, டெஸ்ட் வெர்ஷன் போட்டவங்க இத மாசக்கணக்கா முன்னாடியே எழுதியிருந்தாங்க. அவங்க ரிப்போர்ட்டுக்கு கீழ யாரும் பெருசா ஓட்டு போடல, ஓட்டு அதிகம் வாங்கினது மேல வரும், இது அடியிலயே கெடந்துச்சு. ரொம்ப கொஞ்ச பேருக்குத்தான் நடந்த விஷயம், ஆனா நடந்தவனுக்கு கொழந்தையோட ஃபோட்டோ மொத்தமும் போன விஷயம். ஐகான் கலர் பிடிக்கலங்கறதுக்கு ஆயிரம் ஓட்டு விழும், ஃபைல் அழிஞ்சதுக்கு பத்து கூட விழாது. இதுக்கப்புறம்தான் இந்த ரிப்போர்ட்டெல்லாம் எழுதற ஃபீட்பேக் ஹப்ல பாதிப்பு எவ்ளோ பெருசுன்னு குறிக்க தனி எடம் வெச்சாங்க.

அதனால எழுதறத விடாதீங்க, எழுதற விதத்த மாத்துங்க. தலைப்புலயே சேதத்த சொல்லுங்க, "மோசமான அப்டேட்"னு போடாம "அப்டேட்டுக்கு அப்புறம் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் காலியாயிடுச்சு"ன்னு போடுங்க. என்ன பண்ணீங்க, என்ன நடக்கும்னு நெனச்சீங்க, என்ன நடந்துச்சு, திரும்ப பண்ணா திரும்ப வருதா, இந்த நாலும் இருந்தா அந்த பக்கம் படிக்கறவர் தன் மெஷின்ல அத வரவழைச்சு பாக்க முடியும். வரவழைக்க முடியாத கோளாற சரி பண்ணவே முடியாது. ஒரு ரிப்போர்ட்ல ஒரு விஷயம் மட்டும் எழுதுங்க, அஞ்ச ஒண்ணா கட்டி அனுப்பினா அஞ்சும் போயிடும். உங்களுக்கு முன்னாடி வேற யாராவது அதையே எழுதியிருக்காங்களான்னு தேடிப் பாத்து அதுலயும் போய் எனக்கும் இதேதான்னு ரெண்டு வரி சேருங்க, அந்த ஆள் தனியா கத்திட்டு இருக்கார்.

கேள்வி: நான் போட்ட டெஸ்ட் வெர்ஷன்ல தமிழ் எழுத்து ஒடஞ்சு ஒடஞ்சு வருது, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம். தமிழ்ல கம்ப்யூட்டர் யூஸ் பண்றவங்க எத்தன பேர், இதெல்லாம் யார் கண்டுக்கப் போறாங்க? – வாசகர், கும்பகோணம்

தயவு செஞ்சு நீங்க கண்டுக்கோங்க. இந்த பக்கத்துல நான் எழுதற எல்லாத்தையும் விட இதுதான் எனக்கு முக்கியம்.

"கொ"ன்னு நீங்க அடிச்சா கம்ப்யூட்டர் உள்ள மொதல்ல க, அதுக்கு பின்னாடி ஒகரக் குறின்னு சேமிக்கும், திரைல காட்டும்போது அந்த குறிய ரெண்டா பிரிச்சு கொம்ப முன்னாடியும் கால பின்னாடியும் வைக்கணும். இத செய்யறதுக்குன்னு உள்ள ஒரு பகுதி இருக்கு. அதுல யாராவது கை வெச்சா கொம்பு எடம் மாறும், இல்ல ஒரு புள்ளி வட்டம் வந்து நிக்கும். அமெரிக்காவுல உக்காந்து அத சோதிக்கறவருக்கு தமிழ் தெரியாது, ஒடஞ்சதும் ஒடையாததும் அவர் கண்ணுக்கு ஒண்ணுதான். தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஆள் சொன்னாத்தான் அது கோளாறுன்னே தெரியும். பேட்டரிய பத்தி எழுத உலகம் பூரா ஆள் இருக்கு, கொம்ப பத்தி எழுத நாமதான் இருக்கோம்.

இன்னும் சிலத பாத்து எழுதுங்க. நம்ம எழுத்து அகலம், பட்டன்ல வார்த்த பாதில நிக்குதா பாருங்க. மு, கூ மாதிரி கீழ இறங்கற எழுத்துக்கு அடி வெட்டுப்படுதா பாருங்க, நான் ஒரு தடவ ஒரு டெஸ்ட் வெர்ஷன்ல "மூடு"ங்கற பட்டன பாத்து என்ன வார்த்தன்னே புரியாம நின்னிருக்கேன், படம் புடிச்சு அனுப்பினேன், ரெண்டு வெர்ஷன் கழிச்சு சரியாச்சு. ஸ்ரீ எழுத்த ரெண்டு விதமா சேமிக்கலாம், ஸ போட்டும் வரும் ஶ போட்டும் வரும், பாக்க ஒண்ணா இருக்கும், ஆனா ஒண்ண அடிச்சு தேடினா இன்னொண்ணு கெடைக்காம போகலாம், ஸ்ரீரங்கம்னு ஒரு ஃபைலுக்கு பேர் வெச்சு தேடிப் பாருங்க. விண்டோஸ்ல தமிழ் யூனிகோடு லதா ஃபாண்டோட வந்தது விண்டோஸ் 2000ல, இப்ப நாம பாக்கற நிர்மலா யூஐ வந்தது விண்டோஸ் 8ல. வந்தது வெர்ஷனுக்கு வெர்ஷன் ஒடையாம இருக்கணும்னா ஒவ்வொரு டெஸ்ட் வெர்ஷன்லயும் ஒரு தமிழ் ஆள் உக்காந்து பாக்கணும்.

கேள்வி: பழைய வெர்ஷனுக்கு திரும்பறது எப்படி? இனிமே மெஷினுக்கு சேதம் இல்லாம டெஸ்ட் வெர்ஷன் பாக்க வழி இருக்கா? – வாசகர், ஈரோடு

விண்டோஸ்னா அப்டேட் போட்ட பத்து நாளுக்குள்ள செட்டிங்ஸ்ல ரெகவரி போய் பழசுக்கு திரும்பலாம். அந்த நாள் தாண்டிட்டா, அதுவும் ரொம்ப முன்னாடி ஓடற டெஸ்ட் வெர்ஷன்ல இருந்தீங்கன்னா, பெரும்பாலும் எல்லாத்தையும் அழிச்சு புதுசாத்தான் போடணும், மொதல்ல பேக்கப் எடுங்க. தேதிய தள்ளிப் போடாதீங்க, டெஸ்ட் வெர்ஷனுக்கு ஆயுசு உண்டு, மேல சொன்ன விண்டோஸ் 7 பீட்டா 2009 ஜூலை 1ல இருந்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ தானா ஆஃப் ஆக ஆரம்பிச்சுது, ஆகஸ்ட் 1ல காலாவதி.

சேதமில்லாம பாக்க, கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடற வர்ச்சுவல் மெஷின்தான் நல்லது. அதுக்கான விர்ச்சுவல்பாக்ஸ் சாஃப்ட்வேர் இலவசம், ரேம் 16 ஜிபி இருந்தா தாராளமா ஓடும், ஒடஞ்சா அந்த ஒரு ஃபைல அழிச்சா போச்சு. மேக்னா வெளில இருந்து மாட்டற எஸ்எஸ்டி டிஸ்க்ல போட்டுக்கலாம். உபுண்டுங்கற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தோட பீட்டான்னா இன்னும் சுலபம், ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் வர்ற ஃபைனலுக்கு சில வாரம் முன்னாடி வரும், பென்டிரைவ்ல ஏத்தி அதுலேர்ந்தே ஓட்டிப் பாத்துட்டு புடுங்கிடலாம், ஹார்ட் டிஸ்க்க தொடவே வேண்டாம். ஆனா வர்ச்சுவல் மெஷின்ல உங்க வைஃபையும் பேட்டரியும் எப்படி இருக்குன்னு தெரியாது, மெனு, பட்டன், தமிழ் எழுத்து எல்லாம் நல்லாவே தெரியும். திருச்சி தம்பியும் இதையே பண்ணட்டும், ப்ராஜெக்ட் சமர்ப்பிச்சப்புறம்.